பேணி மருந்தும் கரப்பான்பூச்சியும்

மன்னார்த் தீவிலும் அதற்கு எதிரே பெருநிலத்துக் கரையோரமாக உள்ள ஊர்களிலும் எந்த வீட்டிற் போயிருந்து குசினிச் சுவரோரம் ஓடும் கரப்பான்பூச்சியைப் பற்றிப் பேச்செடுத்தாலும், வீட்டுக்காரரிடமிருந்து வரும் மறுமொழி பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும். கடையிலே பேணியில் அடைத்த மருந்து விற்கிறார்கள், வாங்கி அடித்தாற் போயிற்று என்பது அது. அந்த மறுமொழியின் கீழே, வாய்விட்டுச் சொல்லப்படாமல், இன்னோர் அபிப்பிராயமும் கிடக்கிறது. கரப்பான் உலாவும் வீடு கூட்டித் துடைக்காத வீடு, அந்த வீட்டுப் பெண்பிள்ளை கைசோர்ந்தவள் என்பது அது. முதலாவது அபிப்பிராயத்தினால் வியாபாரிக்கு லாபம் உண்டு; இரண்டாவதினால் அயலாருக்கு ஒரு சிறு சந்தோஷம் உண்டு. இரண்டிலும் உண்மை இல்லை என்பதும், இரண்டும் கூடிநின்று அந்த ஜந்துவை விரட்டுவதற்குப் பதிலாக அதற்குக் காவல் செய்கின்றன என்பதுமே இங்கே நான் நிலைநாட்ட விரும்புவன.

மருந்தடித்தலின் மேல் நம்மவர் கொண்டுள்ள பக்திக்கு ஒரு கௌரவமான பூர்வசரித்திரம் இருப்பதை முதலில் ஒப்புக்கொள்ளவேண்டும். 1934ஆம், 1935ஆம் ஆண்டுகளில் இலங்கையிற் பரவிய மலேரியாக் கொள்ளைநோய்க்கு ஏறத்தாழ 80,000 உயிர்கள் பலியாயின. இரண்டாம் உலக யுத்தம் ஓய்ந்தபின், 1946 முதலாக, டி.டி.டி. என்னும் மருந்து வீட்டுச் சுவர்களிலெல்லாம் தெளிக்கப்பட்டது; 1963ஆம் ஆண்டிலோ, நாடு முழுவதிலும் கண்டறியப்பட்ட மலேரியா நோயாளரின் தொகை வெறும் 17 ஆகக் குறைந்துவிட்டது. வரண்ட வலயத்தைச் சேர்ந்த மன்னாருக்குக் குளிர்காய்ச்சல் புதிதன்று. பம்பைச் சுமந்துகொண்டு வந்து சுவரை நனைத்துச் சென்றவர்களுக்குப் பின்னால் காய்ச்சலும் ஊரை விட்டுச் சென்றதைக் கண்ணாற் கண்ட ஒரு தலைமுறை, வீட்டுக்குள் விஷம் தெளிப்பதே வீட்டைக் காக்கும் வழி என்று தீர்மானித்ததும், அந்தத் தீர்மானத்தைப் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் கையளித்ததும் மனித சுபாவமே.

ஆனால் அந்த வெற்றிக்குக் காரணம் எது என்பதை அவர்கள் பாதி மட்டுமே பார்த்தார்கள். மலேரியாவைப் பரப்பும் நுளம்பு இரத்தம் குடித்தபின் வயிறு கனத்து, பறக்கமாட்டாமல், வீட்டுச் சுவரில் அமர்ந்து இளைப்பாறும் இயல்புடையது. அந்த இயல்பை ஆராய்ந்து அறிந்தவர்கள், அது அமரும் இடத்திலேயே, அது அமரும் நேரத்திற்கு முன்பாகவே, மருந்தைப் பூசி வைத்தார்கள். விஷத்துக்கு அங்கே இருந்த மகிமையில் பெரும்பங்கு அது வைக்கப்பட்ட இடத்துக்கே உரியது. அந்த மகிமையும் நீடிக்கவில்லை. தெளிப்பும் கண்காணிப்பும் தளர்ந்த சில ஆண்டுகளுக்குள் காய்ச்சல் திரும்பிற்று, 1969இல் 5 இலட்சத்துக்கு மேற்பட்டோர் நோயுற்றனர், நுளம்பும் டி.டி.டி.க்கு மசியாத பரம்பரை ஒன்றைப் பெற்றுவிடவே, 1977 முதல் மலத்தியன் என்னும் வேறொரு மருந்துக்குப் போகவேண்டியதாயிற்று. இலங்கை மலேரியா அற்ற நாடு என்று உலக சுகாதார நிறுவனம் 2016 செப்ரெம்பரில் அளித்த சான்றிதழுக்குப் பின்னால், காய்ச்சல்காரரை ஊரூராகத் தேடி, இரத்தம் சோதித்து, மருந்து கொடுத்து, குணமாகும்வரை பின்தொடர்ந்த உத்தியோகத்தரின் நீண்ட உழைப்பு நிற்கிறது. பம்பு ஒன்றே அதைச் சாதித்தது என்று சொல்வோர் அவர்களுக்கு அநீதி செய்கிறார்கள்.

இனிக் கரப்பானுக்கு வருவோம். கரப்பான் சுவரில் அமர்ந்து இளைப்பாறுவதில்லை. பகற்பொழுது முழுவதையும் முதுகும் வயிறும் ஒருங்கே உராயும்படியான இடுக்குகளிற் கழிக்கும் பிராணி அது. ஜேர்மன் கரப்பான் என்று விஞ்ஞானிகள் வழங்கும் சிறு வகையில் வளர்ந்த பூச்சிக்கு 5 மில்லிமீற்றர் அகலமுள்ள வெடிப்பே உகந்த மாளிகை. அதன் குஞ்சுக்கு 2 மில்லிமீற்றருக்கும் குறைந்த வெடிப்புப் போதும். இரவிலே விளக்கைப் போட்டதும் தளத்தில் ஓடுகின்ற நாலைந்து பூச்சிகளைக் கண்டு, பேணியை எடுத்துச் சீறவிடுகிறவர், அந்த இடுக்குகளுக்குள் நெருக்கமாகக் கிடக்கும் பெருங்கூட்டத்தைக் காண்பதுமில்லை, தொடுவதுமில்லை. இதிலும் பாதகமானது ஒன்றுண்டு. கடையில் விற்கும் பேணி மருந்துகளிற் பெரும்பாலானவை பைரெத்ரொயிட் என்னும் இனத்தைச் சேர்ந்தவை. அவை கொல்வதோடு விரட்டவும் செய்யும். வாடை பட்டவுடன் தப்பிப் பிழைத்தவை அலுமாரிக்குப் பின்னாலிருந்து அறைக்குள்ளும், அறையிலிருந்து அடுத்த வீட்டுக்கும் இடம்பெயர்கின்றன. மன்னார்ப் பட்டினத்திலே ஒரே சுவரைப் பங்கிட்டுக்கொண்டு வரிசையாக நிற்கும் கடையறைகளில், ஒருவர் மருந்தடித்த இரவு மற்றவர் கடையிற் கரப்பான் பெருகுவதற்கு வேறு காரணம் தேடவேண்டியதில்லை.

முட்டையின் சங்கதி தனி. வீட்டிற் பறந்து திரியும் பெரிய செங்கபில நிறக் கரப்பான், ஏறக்குறைய 16 முட்டைகளை ஒரு கடினமான உறைக்குள் வரிசையாக அடுக்கி, அந்த உறையை எவரும் காணாத மூலையில் ஒட்டிவிட்டுப் போகிறது. சிறிய வகையோ 30 முதல் 40 முட்டைகள் கொண்ட உறையைக் குஞ்சு பொரிக்கும் தறுவாய் வரையில் தன் உடலோடேயே சுமக்கிறது. மூலையில் ஒட்டிய உறைக்குள் மருந்து எளிதிற் புகாது. தாய் செத்த செய்தியறியாத குஞ்சுகள் சில வாரங்கள் கழித்து வெளிவரும்போது, மருந்தின் வீரியம் போய்விட்டது, இன்னொரு பேணி வாங்கவேண்டும் என்று வீட்டுக்காரர் நினைக்கிறார். ஓட்டை வள்ளத்தில் ஓட்டையை அடைக்காமல் நீரை மட்டும் இறைத்துக்கொண்டு கடலோடும் சம்மாட்டியை நமது கரையிலே எவரும் மதிக்கமாட்டார். வீட்டு விஷயத்தில் மட்டும் அதையே சாமர்த்தியம் என்கிறோம்.

"இந்த மருந்து பழசு ஐயா, புதுசு வந்திருக்கு, உதை அடிச்சுப் பாருங்கோ" என்று கடை முதலாளி ஆறுதல் சொல்வதுண்டு. புதிய மருந்து என்னும் ஆறுதலுக்கு எழுபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு இருக்கிறது. அதை அவர் அறிந்திருக்க நியாயமில்லையாதலால் நாமே சொல்லவேண்டியிருக்கிறது. குளோர்டேன் என்னும் மருந்து யுத்தத்துக்குப் பிற்பட்ட ஆண்டுகளில் அமெரிக்காவிலே கரப்பானுக்குச் சர்வசங்காரமாகக் கொண்டாடப்பட்டது. 1951இல் டெக்சாஸ் மாநிலத்துக் கோர்ப்பஸ் கிறிஸ்ரி நகரத்திலே அது பட்டும் சாகாத ஜேர்மன் கரப்பான்கள் கண்டுபிடிக்கப்பட்டன. பின்னர் இனிப்பில் விஷம் கலந்து வைக்கும் இரைமருந்து வந்தது. சில ஆண்டுகளுக்குள் அந்த இரையை மோந்துவிட்டு விலகிப்போகும் கூட்டங்கள் தோன்றின. அவை விலகியது விஷத்தைக் கண்டன்று, அதிற் கலந்திருந்த குளுக்கோசைக் கண்டே என்பது 1993இல் வெளியாயிற்று. அவற்றின் வாயுறுப்புகளிலே இனிப்பை உணரவேண்டிய நரம்புகளோடு கசப்பை உணரும் நரம்புகளும் குளுக்கோசுக்குத் துள்ளுகின்றன என்று 2013இல் வட கரோலைனா மாநிலப் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர் நிரூபித்தனர். சர்க்கரையைக் கசப்பாக உணரும் பரம்பரை ஒன்றை, பத்துப் பதினைந்து ஆண்டுக்குள், நமது விஷமே தெரிந்தெடுத்து வளர்த்துக் கொடுத்திருக்கிறது.

இந்த இடத்தில் ஒரு தப்பெண்ணத்தைக் களைவது அவசியம். கரப்பான் மருந்துக்குப் 'பழகிவிட்டது' என்று நாம் சொல்லுகிறோம். ஒரு தனிப் பூச்சி எதற்கும் பழகுவதில்லை. அது சாகும், அல்லது பிழைக்கும். ஆயிரத்தில் ஒன்றிரண்டு, பிறவியிலேயே அந்த விஷத்தைச் சீரணிக்கும் ஆற்றலோடு இருந்து, மற்றவை செத்தொழிந்த வீட்டிலே போட்டியின்றிப் பெருகுகின்றன, அவ்வளவுதான். இந்தப் பெருக்கம் எவ்வளவு விரைவானது என்பதை 2019இல் அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஆராய்ச்சி காட்டிற்று. மாடிக்குடியிருப்புகளில் ஆறு மாதம் நடத்திய சோதனையில், மூன்று மருந்துகளை மாதந்தோறும் மாற்றிமாற்றி அடித்த இடத்திற் பூச்சி குறையவுமில்லை, கூடவுமில்லை. இரண்டு மருந்துகளைக் கலந்து அடித்த இடத்திற் செழித்தே வளர்ந்தது. ஒரு மருந்தைத் தாங்கிய தாயின் குஞ்சுகள், தாம் ஒருபோதும் கண்டிராத வேறு மருந்துகளையும் ஒரே தலைமுறையில் தாங்கக் கற்றிருந்தன. மருந்தை மாற்றினாற் போதும், கலந்தாற் போதும் என்று நமது கடைகளில் நடக்கும் வைத்தியத்துக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு வேண்டுவதில்லை. கதவைச் சாத்திவிட்டு அறைமுழுவதும் புகைமருந்தை வெடிக்கவிடும் முறையும் அதே ஆண்டிற் சோதிக்கப்பட்டது: கரப்பான் தொகையிற் குறைவில்லை, மேசையிலும் தரையிலும் படிந்த விஷமோ முன்னிருந்ததிலும் பலநூறு மடங்கு. தவழும் குழந்தை இருக்கிற வீட்டார் இதைச் சற்று நின்று யோசிப்பது நல்லது.

பேணி மருந்து கொல்லுகிறவற்றில் நமது நண்பர்களும் உண்டு. கரிய நிறமும், கோடரி அலகுபோன்ற சிறு வயிறும் உடைய குளவி ஒன்று, அந்த வயிற்றை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டு சன்னற் கண்ணாடியில் நடப்பதைப் பலர் கண்டிருப்பர். கொட்டும் என்று பயந்து அதன்மேலும் மருந்தைப் பீய்ச்சுவர். அது மனிதரைத் தேடி வந்ததன்று. கரப்பானின் முட்டையுறையைத் தேடி அதற்குள் தன் முட்டையை இடவந்தது. அதன் புழு அந்த உறைக்குள்ளிருக்கும் அத்தனையையும் தின்றுதீர்க்கும். பல்லியும், சுவரிற் பாயும் பெரிய சிலந்தியும் அதே பணியைச் செய்வன. கரப்பானுக்கு வைத்த விஷம் இவற்றை முதலில் தீர்த்துவிடுகிறது. இவற்றுக்குக் கரப்பானைப்போல விரைவிற் பெருகும் வரம் இல்லை.

இனி இரண்டாவது அபிப்பிராயம். அசுத்தமே கரப்பானுக்குக் காரணம் என்பதைப் போல உண்மையின் சாயலை அணிந்த பொய் வேறில்லை. எச்சிற் பாத்திரம் இரவிற் கிடந்தால் அது வரும் என்பது மெய். எச்சிற் பாத்திரம் இல்லாவிட்டால் வராது என்பது பொய். கரப்பானுக்கு ஆகாரம் ஒரு பொருட்டே அன்று. சவர்க்காரத் துண்டு, புத்தக மட்டையின் பசை, உதிர்ந்த தலைமயிர், செத்த தன் இனத்தானின் உடல், எல்லாம் அதற்கு விருந்தே. ஜேர்மன் கரப்பான் நீர் கிடைத்தால் ஆகாரமின்றி ஒரு மாதமளவு உயிர்தரிக்கும். நீர் கிடையாவிட்டாலோ இரண்டு வாரம் தாங்குவது அரிது. ஆகவே வீட்டிலே கரப்பானை வைத்திருப்பது சோற்றுப் பருக்கையிலும் பார்க்கத் தண்ணீர்த் துளியே. கசியும் குழாயும், நனைந்த துடைசீலையும், குளிர்ப்பெட்டிக்குக் கீழே நீர் தேங்கும் தட்டும், எவ்வளவு சுத்தமான வீட்டிலும் இருக்கக்கூடியவை. மன்னாரிலே, கருவாடு வைத்திருக்கும் வீடென்றால் அப்படித்தான் இருக்கும் என்று சொல்லிப் பேசாலையாரையும் பள்ளிமுனையாரையும் ஏளனம் செய்கிற பட்டினவாசிகள் உண்டு. நன்றாகக் காய்ந்த கருவாட்டை மூடியுள்ள பேணியில் இட்டு வைத்திருக்கும் மீனவன் வீட்டைக் காட்டிலும், கழுவுதொட்டியின் கீழே மரப்பலகை அலுமாரியும் அதற்குள் சொட்டுகின்ற குழாயும் வைத்திருக்கிற பட்டினவாசியின் வீடே கரப்பானுக்கு உவப்பானது.

ஆகவே வீட்டுப் பெண்ணைக் குற்றம் சொல்லுகிறவர்கள், குற்றவாளியைப் பிடிக்கத் தவறிவிட்டார்கள். தும்புத்தடியை அவள் எத்தனை தடவை எடுத்தாலும், சுவருக்குள் மேசன் விட்டுப்போன துளையைக் கூட்டிவிட முடியாது.

பழைய வீட்டையும் புதிய வீட்டையும் ஒப்பிட்டால் இது விளங்கும். பனையோலை வேய்ந்து, சாணம் மெழுகி, கிடுகால் வேலி அடைத்து வாழ்ந்த நாளிலே குசினி தனிக்கொட்டிலாக நின்றது; தண்ணீர் கிணற்றிலிருந்து குடத்தில் வந்து, கழுவிய நீர் வாழைக்கடியிற் போய்ச் சேர்ந்தது; அடுப்புப் புகை கூரைவரையிற் சென்றது; மலசலகூடம் இருந்தாலும் வளவின் கோடியில் இருந்தது. அந்த வாழ்வு பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை. ஓலைக்குள் தேளும், பாம்பும், எலியும் குடியிருந்தன. மலசலகூடம் இல்லாத வளவிலே பிள்ளைகளின் வயிற்றிற் கொக்கிப்புழு குடியிருந்தது. பழைய வீட்டில் நோயே இல்லை என்று பாடுகிறவர்கள் அந்த வீட்டில் வாழ்ந்திராதவர்கள். நான் சொல்லுவது வேறு. 2009இல் உள்நாட்டு யுத்தம் முடிந்தபின், இந்திய வீடமைப்புத் திட்டத்தாலும் வேறு திட்டங்களாலும் சொந்த உழைப்பாலும், மீளக்குடியேறிய குடும்பங்களுக்குச் சீமெந்து வீடுகள் எழுந்தன. அந்த வீடுகளிற் பலவற்றிலே குசினி, குளியலறை, மலசலகூடம் மூன்றும் ஒரே கூரைக்கடியில், சிலவேளை ஒரே சுவரின் இருபுறமாக, வந்து சேர்ந்தன. ஈரமும் இருளும் வளவை விட்டு வீட்டுக்குள்ளே குடிபுகுந்தன. குழாய் நுழையும் இடமெல்லாம் சுவர் துளைக்கப்பட்டது. துளையின் அகலம் குழாயின் அகலத்தைவிட எப்போதும் பெரிதாகவே இருந்தது.

பெரிய கரப்பான் பெரும்பாலும் வீட்டிற் பிறப்பதில்லை என்பதை நம்மிற் பலர் அறியார். அது மலக்குழியிலும், கழிவுநீர்க் கிடங்கிலும், வடிகாலிலும் பிறந்து வளர்ந்து, வீட்டைப் போக்கிடமாக வைத்திருக்கிறது. அமெரிக்கக் கரப்பான் என்று 1758இல் லின்னேயஸ் அதற்குப் பெயரிட்டபோதிலும், அதன் பூர்வீகம் ஆபிரிக்கா. பள்ளிமுனையிலே பருத்து நிற்கும் பெருக்கமரமும் ஆபிரிக்கக் கண்டத்துக்குரியதே. அராபிய வணிகர் கொண்டுவந்து நட்டது என்று அதற்கு ஒரு வரலாறும் சொல்லப்படுகிறது. மரத்தைப் பார்க்க உல்லாசப் பிரயாணிகள் வருகிறார்கள். கரப்பானைக் கண்டால் செருப்பைக் கழற்றுகிறார்கள். ஜேர்மன் கரப்பானின் கதை இதிலும் ரசமானது. அதன் மரபணுக்களை ஆராய்ந்து 2024இல் வெளிவந்த ஆய்வின்படி, அது சுமார் 2,100 ஆண்டுகளுக்கு முன் இந்தியா அல்லது மியன்மார்ப் பகுதியில் வயற்புறத்துக் கரப்பான் ஒன்றிலிருந்து பிரிந்து மனித வீட்டையே வாழிடமாக்கிக்கொண்டது. சுமார் 1,200 ஆண்டுகளுக்கு முன் மேற்கு நோக்கி அராபிய தேசங்களுக்கும், பின்னர் ஐரோப்பியக் கம்பனிக் கப்பல்களின் காலத்திற் கிழக்குத் தீவுகளுக்கும் பரவிற்று. அந்த முதற் பிரயாணம் நடந்த காலம், நமது மாந்தைத் துறைமுகத்திலே பாரசீகத்துச் சாடிகளும் சீனத்துப் பீங்கான்களும் வந்திறங்கிய காலம். சாடிகளோடு அதுவும் வந்ததா என்பதற்கு அகழ்வாராய்ச்சிச் சான்று கேட்பவர்கள் கேட்கட்டும். கப்பலேறிப் பழகிய பிராணிக்கு நமது குசினியின் வாசற்படி ஒரு தடையாகாது என்பது மட்டும் நிச்சயம்.

மன்னாரின் மண் இந்த விஷயத்தைக் கடினமாக்குகிறது. தீவு மணற்பாங்கானது, நிலத்தடி நீர் ஆழத்திலில்லை, மாரியில் வாடைக்காற்றோடு மழை கொட்டும்போது குழிக்குள் நீர் ஏறுகிறது, குழியிலிருந்த கரப்பான் வெளியேறுகிறது. ஐப்பசி, கார்த்திகையிலே பெருங் கரப்பான்கள் திடீரென்று குளியலறையில் நிறைவதற்கு இதுவே காரணம்; அந்த மாதங்களில் வீட்டைக் கூட்டாத பெண்கள் ஊரிற் கூடிவிட்டார்கள் என்பதன்று. சோளகக் காலத்திலோ வேறு வழி திறக்கிறது. குளியலறைத் தளத்து நீர்போக்கியின் கீழே குழாய் வளைந்து, அந்த வளைவிலே எப்போதும் சிறிது நீர் நின்று, குழியின் நாற்றத்தையும் பூச்சியையும் மறிக்கவேண்டும். பிள்ளைகள் கொழும்பிலோ கடல்கடந்த தேசங்களிலோ இருக்க, பூட்டிக் கிடக்கும் வீடுகளும் பாவனையில்லாத அறைகளும் இங்கே அநேகம். அந்த வளைவிலுள்ள நீர் சோளகத்தின் வெக்கையில் வற்றிப்போனால் குழிக்கும் வீட்டுக்கும் நடுவே ஒன்றுமில்லை. வாரத்துக்கு ஒருமுறை ஒரு வாளி நீரும், நெடுநாட் பயணம் போகும்போது அந்த நீரின்மேல் ஒரு கரண்டித் தேங்காயெண்ணெயும் விட்டால் இந்த வாசல் அடைபடும். வளைவே இல்லாமல் நேராகக் குழாய் இறக்கிய வீடுகளும் உண்டு; அந்த வீட்டுக்காரர் எத்தனை பேணி வாங்கினாலும் பணம் குழிக்குள்ளேதான் போகிறது.

குழியின் மூடியிலுள்ள வெடிப்பைச் சீமெந்தால் அடைக்கவேண்டும். குழியிலிருந்து மேலெழும் காற்றுக்குழாயின் வாயில் வலை கட்டவேண்டும். வலை கட்டுவதை அற்பம் என்று எண்ணுகிறவர்கள், 1970களில் ஸிம்பாப்வேயிலே, அந்நாள் ரொடீசியாவிலே, பீற்றர் மோர்கன் என்பவர் செய்த பரிசோதனையை அறியவேண்டும். குழி மலசலகூடத்துக்கு ஓர் உயரமான காற்றுக்குழாயும் அதன் உச்சியில் ஒரு வலையும் மட்டும் அவர் சேர்த்தார். குழாய் இல்லாத கூடத்திற் பிடிபட்ட ஆயிரக்கணக்கான ஈக்களோடு ஒப்பிட, குழாயும் வலையும் உள்ள கூடத்திற் பிடிபட்டவை மிகச் சொற்பம். விஷத்தில் ஒரு துளியும் செலவாகவில்லை. நமது கரையிலே உப்புக்காற்று இரும்பு வலையை விரைவில் அரித்துவிடும். துருப்பிடிக்காத உருக்கு வலை வாங்க இயலாதவர்கள் பழைய நுளம்பு வலைத் துண்டொன்றை மடித்துக் கட்டி, வெயிலில் நைந்ததும் மாற்றிவிடலாம். குழாய் சுவரில் நுழையும் துளையைச் சாந்தால் இறுக்குவதும், கதவின் அடியில் றபர்ப்பட்டி அறைவதும், சொட்டும் குழாய்க்கு வாஷர் மாற்றுவதும் மேசனுக்கும் தச்சனுக்கும் அரைநாள் வேலை.

சிறிய கரப்பான் இந்த வழியால் வருவதில்லை. அது கடதாசி மட்டைப்பெட்டியின் மடிப்புகளிலும், பழைய குளிர்ப்பெட்டியின் மோட்டாருக்குப் பக்கத்திலும், ஊர்மாறி வரும் தளபாடங்களிலும் ஏறி, லொறியிலேயே வந்து இறங்குகிறது. பலசரக்கை மட்டைப்பெட்டியோடு குசினிக்குள் வைக்காமல் வாசலிலேயே கொட்டி, பெட்டியை அப்போதே வெளியேற்றுவதும், வாங்கிய பழைய பொருளைப் பின்புறம் கழற்றிப் பார்ப்பதும்தான் அதற்குத் தடை. புகுந்துவிட்டதானால், முதலில் ஒட்டும் அட்டைகளை மூலைகளில் வைத்து அது எங்கே குடியிருக்கிறது என்று அறியவேண்டும். அறிந்தபின் அந்த வெடிப்பிலே கடுகளவு கடுகளவாக ஜெல் இரைமருந்து வைக்கவேண்டும். வைத்த இடத்தில் பேணி மருந்தை ஒருபோதும் அடிக்கக்கூடாது, அடித்தால் இரையை அது அண்டாது. போரிக் அமிலப் பொடியும் நல்லது. ஆனால் அதை அள்ளிக் குவிக்கிறார்கள், குவியலைக் கரப்பான் சுற்றிக்கொண்டு போய்விடும். கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் மெல்லிய படலமாகத் தூவினால்தான் அது காலிற் பட்டு, கால் வாயிற் பட்டு, வயிற்றுக்குள் போகும். சீனியும் கோதுமை மாவும் சேர்த்து உருண்டை பிடிக்கும் வழக்கமும் உண்டு. அந்த உருண்டை குழந்தையின் கைக்கெட்டாத இடத்தில் இருக்கவேண்டும். விஷத்தை நான் அடியோடு வெறுப்பவனல்லன் என்பது இதிலிருந்து தெரியும். துளையடைத்த வீட்டிலே கடைசியாக மிஞ்சியதைத் தீர்க்க அது உதவும், துளையை அடைப்பதற்குப் பிரதியாக உதவாது.

நாப்தலின் உருண்டையை மட்டும் இந்தச் சலுகைக்கு வெளியே நிறுத்தவேண்டும். உடுப்பு அலுமாரியிலும் கழுவுதொட்டியிலும் அதைப் போட்டுவைப்பது நமது வீடுகளிற் சர்வசாதாரணம். மலேரியா நெடுங்காலம் நிலவிய தேசங்களிலே சிலருக்குப் பிறப்பிலேயே ஜி-6-பி-டி என்னும் நொதியிற் குறைவு இருக்கும்; அத்தகைய குழந்தை அந்த உருண்டையின் ஆவியை நெடுநேரம் சுவாசித்தாலோ, அதில் ஊறிய துணியில் கிடந்தாலோ, சிவப்பணுக்கள் உடைந்து இரத்தம் குன்றும்; பச்சிளங் குழந்தைக்கு மஞ்சட்காமாலை முற்றி மூளையையும் தாக்கலாம். கரப்பானோ அந்த வாசனையைக் கண்டு அடுத்த அறைக்கு நகர்வதோடு சரி. வேப்பிலை, பிரியாணி இலை முதலிய நாட்டுவைத்தியங்களிற் குழந்தைக்கு ஆபத்தில்லை, கரப்பானுக்கும் இல்லை.

இவ்வளவும் சொன்ன பிறகும், மருந்தில்லாமல் ஒரு பூச்சியை எதிர்கொள்ளும் வழக்கம் நமது ஊருக்கு ஏற்காது என்று ஆட்சேபிப்போர் உண்டானால், அவர்களுக்கு அவர்கள் ஊரையே காட்டவேண்டும். மலேரியாச் சான்றிதழ் கிடைத்து நான்கு மாதம் ஆகுமுன், 2016 டிசெம்பரில், இந்தியாவிலே பட்டணத்து மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் ஸ்ரெபென்சி என்னும் நுளம்பு இலங்கையில் முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்டது மன்னார்த் தீவிலேதான். மலேரியா எதிர்ப்பு இயக்கத்தார் அதன் குடம்பியைத் தேடிக் கிணறு கிணறாகப் பார்த்தனர். பாவனையற்ற கிணறுகளை மூடுவதும், பாவிக்கும் கிணறுகளிலே குடம்பி தின்னும் மீன்களை விடுவதும் அவர்கள் வேலையின் பெரும்பகுதியாயிற்று. மருந்தையும் அவர்கள் பிரயோகித்தார்கள். ஆனால் பூச்சி எங்கே பிறக்கிறதென்று கண்டபின் பிரயோகித்தார்கள். கிணற்றுக்கு மூடி போட்ட அதே வீட்டார் மலக்குழி மூடியின் வெடிப்பைப் பாராமல் இருப்பதற்கு என்ன சமாதானம் சொல்ல முடியும்?

அணுகுண்டுக்கும் சாகாத பிராணியை மேசன் என்ன செய்வான் என்று ஒரு பரிகாசமும் கேட்டிருக்கிறேன். மனிதனைக் காட்டிலும் அதிகமான கதிர்வீச்சை அது தாங்கும் என்பது உண்மை. பழங்களை மொய்க்கும் சிறு ஈயும் மாவிலே விழும் வண்டும் அதைவிட அதிகம் தாங்கும். அணுகுண்டைத் தாங்குகிறதோ இல்லையோ, இரண்டு வாரம் நீரில்லாவிட்டால் சிறிய கரப்பான் சாகிறது.

கடைசியாக ஓர் ஆட்சேபம் மட்டும் நியாயமானது. வாடகைக்குக் குடியிருப்பவன், வீட்டுச் சொந்தக்காரன் சம்மதியாமல், சுவரை எப்படி உடைத்துக் கட்டுவான்? அவனால் நீர்போக்கியில் வாளி நீர் ஊற்ற முடியும், காற்றுக்குழாய்க்கு நுளம்பு வலை கட்ட முடியும், மட்டைப்பெட்டியை வாசலில் நிறுத்த முடியும், இரவிலே கழுவுதொட்டியைத் துணியால் ஒற்றி உலர வைக்க முடியும். மீதியை, வாடகை ஒப்பந்தம் எழுதும் நாளில், கேட்டு வாங்கவேண்டும். சொந்த வீடு கட்டுகிறவர்களுக்கு அந்த இக்கட்டுமில்லை. பூச்சுப் பூசுகிற அன்று குழாயைச் சுற்றி ஒரு கைப்பிடிச் சாந்து வைக்கும்படி மேசனிடம் சொல்லுவதற்குக் காசு செலவில்லை. குடிபுகுந்து இரண்டு வருஷம் கழித்து அதே துளையை அடைப்பதற்கு, கழுவுதொட்டியையும் அதன் கீழுள்ள அலுமாரியையும் சுவரிலிருந்து கழற்றவேண்டியிருக்கும்.